வேணுமான்னு கேக்க ஆள் இல்ல

தேங்கா மூடியக் கைப்பையில வச்சிருக்கேன், அதுல இருந்த குங்குமம் லேப்டாப் உறையில அப்பிக்கிட்டு, தொடைக்கணும்னு தோணுது, ஆனா கை போக மாட்டேங்கு. என்னத்தையோ விட்டுட்டு வந்துட்டேன். ராஜபாளையத்துல பஸ் ஏறினதுல இருந்து இதே அரிப்பு. கிரிம்பிங் டூல் இருக்கு. டெஸ்டர் இருக்கு. சார்ஜர் இருக்கு. டிபன் பாக்ஸ் இருக்கு, நூல் மில்லுல குடுத்த சர்க்கரைப் பொங்கலும் அதுக்குள்ள இருக்கு. போன் கையில. ஒண்ணையும் விடல. பெறவு என்ன எழவு இது? வேலை முடிஞ்சுது இசக்கி, நல்லபடியா முடிஞ்சுது, முதலாளியே கை தட்டுனாரு, மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டாரு, கொம்பையா சார் போன்ல கெட்டிக்காரின்னு சொன்னாரு. அந்த மனுசன் கம்பெனியில நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து அவரு வாயில இருந்து வந்த நல்ல வார்த்தைய ஒரு கை விரல்ல எண்ணிரலாம். சன்னலோரம் சீட்டும் கிடைச்சிருக்கு. கண்ண மூடித் தூங்க வேண்டியதுதான. மூடுனா அந்தப் பெட்டிதான் தெரியுது, சுவத்துல அடிச்ச இரும்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ள நெட்வொர்க் சுவிட்ச்சு, எல்லா வயரும் வந்து சேருத சாமான், அதுல வரிசையா பச்சை விளக்கு, மினுக்கு மினுக்குன்னு. பச்சை எரிஞ்சா எல்லாம் சரியா இருக்குன்னு ஊரு உலகத்துக்கு நெனப்பு. வயரு ஒழுங்கா சொருகியிருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். வயருக்குள்ள என்ன போவுது, என்ன போவலைன்னு அந்த விளக்குக்கு என்ன தெரியும்.

பக்கத்து சீட்டுல ஒரு அம்மா, மடியில முருங்கைக்காய்க் கட்டு, அது என் முழங்கையில குத்துது. தள்ளி உக்காருங்கன்னு சொல்லலாம். சொல்ல மாட்டேன். இப்ப வாயத் தொறந்தா யாரையாவது கடிச்சிருவேன். ஹாஸ்டல்லதான் ஏதோ. ஷெட்டுல இல்ல, ஹாஸ்டல்ல. நினைப்பு அங்கனயேதான் போயி முட்டுது. மேல் மாடி ஹாலு, வரிசையா இரும்புக் கட்டில், சன்னலுக்கெல்லாம் நீலத் துணி கட்டி இருட்டாக்கி வச்சிருக்காங்க, நைட் ஷிப்ட் பிள்ளைக பகல்ல தூங்கணும்லா. ராத்திரி பூரா மெஷின் முன்னால நின்னு நூலு முடிஞ்சிட்டு, காலையில வந்து விழுந்தா சாயங்காலம் வரைக்கும் உலகம் தெரியாது. அதுகளுக்காகத்தான் இந்த ஸ்பீக்கர். கீழ வார்டன் ரூம்ல ஒரு மைக்கு, கேட் ஆபீஸ்ல ஒரு மைக்கு, பக்கத்துலயே செவப்புப் பட்டன். பஞ்சுல நெருப்புன்னா பட்டன அமுக்கணும், ஷெட்டு, குடோன், ஹாஸ்டல் எல்லா ஸ்பீக்கரும் சேந்து அலறணும். முன்னால எல்லாம் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கவிட்டு, வாச்மேன் இரும்புக் கம்பியால அடிப்பாராம். அது இன்னைக்குக் காலையில அறுத்து எடுத்தாச்சு. முதலாளியம்மாதான் சொன்னா, இம்புட்டு நல்ல ஸ்பீக்கர் வந்த பெறவு அந்தத் துருப்பிடிச்ச சாமான் வாசல்ல எதுக்குன்னு. நான் பாத்துட்டுத்தான நின்னேன். எனக்கும் பெருமையாத்தான் இருந்துது. இப்ப அந்தப் பிள்ளைகள எழுப்ப நான் மாட்டுன ஸ்பீக்கர விட்டா வேற நாதி கிடையாது.

நேத்து வந்த பிரச்சினை வேற. நேத்து மைக்குல பேசுனா கேமரா எல்லாம் உறைஞ்சு போச்சு. மில்லு பூராவும் கேமரா, அதுவும் இதே வயரு, இதே சுவிட்ச். மைக்குல பேசுத சத்தம் மல்டிகாஸ்ட்டுன்னு ஒரு வகையில போவுது. ஒரு ஆளுக்குன்னு போகாது, ஒரு கூட்டத்துக்குன்னு ஒரு விலாசம், அந்த விலாசத்துக்குப் போவும். சுவிட்ச்சுக்கு அந்தக் கூட்டத்துல யார் யாரு இருக்கான்னு தெரியாட்டி என்ன செய்யும், வயரு சொருகுத எல்லா ஓட்டையிலயும் வாரி இறைக்கும், கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்க மாதிரி, வேண்டியவன் வேண்டாதவன் பாக்காம. கேமராவுக்கு எதுக்கு முதலாளி குரலு. திணறிப் போயி நின்னுட்டு. அதனாலதான் வடிகட்டி போட்டேன். ஸ்னூப்பிங். ஒட்டுக் கேக்கதுன்னு அர்த்தம். ஸ்பீக்கரு கண்ணு முழிச்ச உடனே, எனக்கு இந்தக் கூட்டத்துச் சத்தம் வேணும்னு ஒரு குரல் குடுக்கும், சுவிட்ச்சு அத ஒட்டுக் கேட்டு, சரி இந்த ஓட்டையில இருக்கவனுக்கு வேணுமாம்னு மனசுல வச்சிக்கிடும். கேட்டவனுக்கு மட்டும் அனுப்பும். கேக்காதவனுக்கு ஒரு துளி போகாது. யாருமே கேக்காத சத்தமா இருந்தா அங்கனயே வெட்டிப் போட்ரு, வெளிய விடாதன்னு அதையும் சேத்துப் போட்டேன். போட்டு, சேவ் பண்ணி, மேனேஜரக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். கேமரா எல்லாம் தண்ணி மாதிரி ஓடிச்சு. சேவ் பண்ணினது நல்லா ஞாவகம் இருக்கு, ஏன்னா சேவ் பண்ணயிலதான் வார்டன் ஸ்டெல்லாக்கா டீ கொண்டாந்து கீபோர்டு மேலயே வச்சா, நான் கத்துனேன். அது நேத்து. நேத்து வரைக்கும் ஒரு குறையும் இல்ல.

டீ. ஆங், டீதான். டீ டெஸ்ட் பண்ணல! எங்க கணக்குல அப்படித்தான் சொல்லுவோம். மல்டிகாஸ்ட் வேலை முடிச்சா உடனே பேசிப் பாத்துட்டு மூட்டையக் கட்டக் கூடாது. வெளிய போயி நிதானமா ஒரு டீ குடிக்கணும். திரும்ப வந்து ரெண்டாவது தடவை பேசிப் பாக்கணும். அப்பவும் கேட்டாத்தான் வேலை முடிஞ்சுது. இன்னைக்கு டீ குடிச்சேன், வடையும் தின்னேன், பேசிப் பாக்கல. ஏன் பாக்கலன்னா அதுக்குள்ள பிள்ளைக படுத்துட்டுங்க, மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு, "இனிமே சத்தம் வேண்டாம்மா, மைக்க எப்படிப் பிடிக்கணும்னு வாயாலயே சொல்லிக் குடு"ன்னாரு. சரின்னுட்டேன். நல்ல மனுசன்னு நெனச்சேன். இதானா விட்டது? அப்பாடா, இதானா. இது ஒரு பெரிய விசயமா. முதல் தடவை பேசுனது கணீர்னு கேட்டுச்சே. ரெண்டாவது தடவை கேக்காமயா போவும். ஏன் டீ டெஸ்ட் பண்ணுதோம் இசக்கி? எதுக்குப் பண்ணுதோம்? சுவிட்ச்சுக்கு மறதி உண்டு, அதுக்குத்தான் பண்ணுதோம். ஸ்பீக்கரு ஒரு தடவை வேணும்னு சொன்னத அது நாலு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட வச்சிருக்கும், அம்புட்டுதான், பெறவு தொடைச்சிரும். ஸ்பீக்கரும் தானா வாயத் தொறக்காது. நடுவுல ஒருத்தன் அப்பப்ப வந்து, இன்னும் யாருக்கெல்லாம் வேணும்னு கேக்கணும். கேட்டா ஸ்பீக்கர் எனக்கு வேணும், எனக்கு வேணும்னு சொல்லும், சுவிட்ச்சும் மறக்காது. பெரிய இடத்துல ரவுட்டர் அந்தக் கேள்விய கேட்டுக்கிட்டே கிடக்கும். இந்த மில்லுல ரவுட்டர்னு இருக்கது இண்டர்நெட்டுக்கு வச்ச சின்னப் பெட்டி, அதுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அப்ப சுவிட்ச்சயே கேக்கச் சொல்லணும். குவெரியர்னு ஒரு கட்டம், அதுல ஒரு டிக்கு. ஒரே ஒரு டிக்கு. அத நான் போட்டேனா?

"எங்கன இறங்கணும் தாயி?" முருங்கைக்காய் அம்மா. சங்கரன்கோயில்னு சொல்லுதேன். "பொறந்த வீடா, வாக்கப்பட்ட வீடா?" வாக்கப்பட்ட வீடு. "வீட்டுக்காரரு என்ன செய்யாரு?" மஸ்கட்ல இருக்காரு. "பிள்ளைக?" இல்ல. அந்த அம்மா வெளிய பாக்கா. நானும் வெளிய பாக்கேன். பனை, கல்குவாரி, சவுக்கு மரம் ஒண்ணு சாஞ்சு கிடக்கு. போட்டேனா போடலையா. வழக்கமா கொம்பையா சார் வாங்கித் தார சுவிட்ச்சுல அந்தக் கட்டம் முதல் பக்கத்துலயே இருக்கும், கண்ணக் கட்டிக்கிட்டுப் போடுவேன். இந்தத் தடவை வேற கம்பெனி சுவிட்ச்ச வாங்கிட்டு வந்து கையில குடுத்துட்டாரு, அதுல எல்லாம் இடம் மாறிக் கிடக்கு. தேடுனேன். தேடுனது ஞாவகம் இருக்கு. வாயில சேப்டி பின் கடிச்சிட்டு, துப்பட்டாவ முதுகுல முடிஞ்சிட்டு, பெட்டி முன்னால குந்த வச்சு. காலையில, வெயிலு இன்னும் ஹாஸ்டல் முத்தத்துக்கு வரல. வெளிய யாரோ கோலம் போட்டாங்க, பூஜைக்குன்னு. ஆமா! தேடிக் கண்டுபிடிச்சேன், ரொம்ப உள்ள, யாரும் பாக்காத ஒரு மூலையில வச்சிருந்தான் பாவி, அட எடுபட்ட பயலே இங்கயா கொண்டு ஒளிச்சு வச்சிருக்கன்னு வாய்விட்டே திட்டுனேன், வெளிய கோலம் போட்டவ திரும்பிப் பாத்து சிரிச்சா. டிக்கு போட்டேன். போட்டேன்! கட்டத்துக்குள்ள அந்தச் சின்னக் கோடு விழுந்தத இந்தக் கண்ணால பாத்தேன். அப்ளை குடுத்தேன். சரி, முடிஞ்சுது. போட்டாச்சு. இதுக்குப் போயா இந்தப் பாடு. உனக்குக் கூறு கெட்டுப் போச்சு இசக்கி. டிபன் பாக்ஸத் தொறக்கேன். பொங்கல் ஆறிக் கெட்டியாயிட்டு, நெய்யி மேல வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, ஒரு விரல் எடுத்து வாயில போடுதேன், இனிப்பு நாக்குல படுது.

விழுங்கல. பொங்கல் யாருக்குப் பொங்குனது? பூஜைக்கு. பூஜையில என்ன பண்ணுனாங்க? எலுமிச்சம்பழம் நறுக்குனாங்க, பெட்டிக்குச் சந்தனம் வச்சாங்க, பொட்டு வச்சாங்க, ஐயரு சூடம் காட்டுனாரு. அதுக்கு முன்னால? அதுக்கு முன்னால மேனேஜர் ஓடி வந்தாரு, "இசக்கியம்மா, எல்லாத்தையும் அணைச்சு வைங்க, நல்ல நேரத்துல முதலாளியம்மா கையாலதான் போடணும், ராகு காலம் வாரதுக்குள்ள முடிக்கணும்"னு. நானும் குந்த வச்ச இடத்துல இருந்து கைய நீட்டி மெயின் சுவிட்ச்ச அணைச்சேன். டக்குன்னு. பச்சை எல்லாம் செத்துப் போச்சு. அப்ளை குடுத்தேன், அணைச்சேன். அப்ளை, அணைச்சேன். நடுவுல சேவ் எங்க? இந்தச் சாமானுல அப்ளை குடுத்தா அந்த நேரத்துக்குத்தான், கரண்டு போனா போச்சு, நிக்கணும்னா தனியா சேவ் பண்ணணும். நேத்துப் போட்ட வடிகட்டி சேவ் ஆயிருக்கு. காலையில போட்ட டிக்கு ஆகல. நான் நடுவுல ஏதாவது தொட்டேனா? யோசி. கை மவுஸ்ல இருந்துது. மேனேஜர் குரல் கேட்டுது. கை மெயின் சுவிட்ச்சுக்குப் போச்சு. ஒருவேளை கேட்டதுக்கும் போனதுக்கும் நடுவுல. பழக்க தோசத்துல. கை தானா பண்ணியிருக்கும்லா, வீட்டப் பூட்டுறது கூட நினைச்சா பூட்டுதோம், தானாத்தான பூட்டுது. பூட்டிட்டுத்தான பாதி வழியில திரும்பி ஓடி வந்து இழுத்துப் பாக்கோம். பொங்கல் வாயிலயே இருக்கு. துப்பவும் முடியல. சன்னல் வழியா துப்புனா பின்னால இருக்கவன் மேல தெறிக்கும்.

முதலாளியம்மா பட்டுச் சேலை சரசரக்க வந்து மெயின் சுவிட்ச்சப் போட்டா. ஸ்பீக்கருக்கும் அதே வயர்லதான் கரண்டு போவுது, அதனால எல்லா ஸ்பீக்கரும் அந்த நிமிசம்தான் கண்ணு முழிச்சுது, முழிச்ச உடனே எனக்கு வேணும்னு குரல் குடுத்துது, சுவிட்ச்சு கேட்டு வச்சிக்கிட்டுது. உடனே மைக்க அவ கையில குடுத்தாங்க. "எல்லாப் பிள்ளைகளும் நல்லா இருக்கணும்"னா. ஹாஸ்டல் மாடியில இருந்து அந்தச் சத்தம் முத்தத்துக்கு இறங்கி வந்துது, ஷெட்டுல இருந்து வந்துது, குடோன்ல இருந்து வந்துது. முத்தத்துல நைட் ஷிப்ட் முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல நின்ன பிள்ளைகல்லாம் கை தட்டுச்சு. தலையில பஞ்சு ஒட்டிக்கிட்டு, ஒரு பிள்ளை நின்னுக்கிட்டே தூங்குனா, பக்கத்துல நின்னவ அவ கையப் பிடிச்சுத் தட்டி விட்டா. நான் சிரிச்சேன். முழிச்ச உடனே பேசுனா எந்தக் கழுதையும் கேக்கத்தான் செய்யும். அந்த நாலு நிமிசம் எல்லாருக்கும் நல்ல நேரம்தான். அதுக்குப் பெறவு கேள்வி கேக்க ஆள் இல்லாட்டி, சுவிட்ச்சு ஒவ்வொண்ணா மறந்திருக்கும், மறந்த உடனே, யாரும் கேக்காத சத்தத்த வெட்டிப் போட்ருன்னு நான்தான சொல்லி வச்சிருக்கேன், அத அது ஒழுங்கா செய்யும். சொன்ன பேச்சு தட்டாது. சிவப்பு விளக்கு எரியாது. மணி அடிக்காது. மைக்குல பேசுதவங்களுக்கு மைக்கு நல்லாத்தான் இருக்கும். பச்சை எரியும். இப்பவும் எரியும். இந்நேரம் ஸ்டெல்லாக்கா அத ஒரு தடவை எட்டிப் பாத்து கும்பிட்டுட்டுக்கூடப் போயிருப்பா.

கொம்பையா சாருக்குப் போடுதேன். எடுக்க மாட்டேங்காரு. திரும்பப் போடுதேன். "என்னம்மா?" "சார், ஹாஸ்டல் சுவிட்ச்சுல குவெரியர் சேவ் ஆகலைன்னு நெனைக்கேன்." "நெனைக்கியா, தெரியுமா?" "நெனைக்கேன் சார்." "டெமோவுல பேசிச்சா இல்லையா?" "பேசிச்சு. ஆனா அப்பதான் ஆன் ஆச்சு, அதனால..." "முதலாளி காதால கேட்டாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. பூஜை போட்ட அன்னைக்கே போன் பண்ணி உங்க ஸ்பீக்கர் பேசாதுன்னு சொல்லுவியா? அபசகுனம்னு நம்மள வாசல்லயே ஏத்த மாட்டாங்க. அடுத்த வாரம் கேமரா மாட்டப் போவோம்லா, அப்ப சத்தங் காட்டாம ஒரு டிக்கப் போட்டுட்டு வந்துரு. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது." "அதுவரைக்கும் சார்?" "அதுவரைக்கும் என்ன? இம்புட்டு வருசம் பிடிக்காத தீ இந்த வாரம்தான் பிடிக்கப் போவுதா? நல்ல வார்த்தை பேசு தாயி." வச்சிட்டாரு. நல்ல வார்த்தையாம். இவருக்கு என்ன, இவரு மக காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா, அங்க ரெண்டு பக்கம் படிக்கட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணுதான். இங்கன இருந்தே லேப்டாப்ல அந்தச் சுவிட்ச்ச எட்டித் தொட எனக்கு வழியும் கிடையாது, நெட்டு வழியா வெளிய இருந்து யாரையும் உள்ள வர விட மாட்டோம்னு மேனேஜர் முதல்லயே சொல்லிட்டாரு. மெயின அணைச்சுப் போடச் சொல்லலாம், ஸ்பீக்கரெல்லாம் திரும்ப முழிச்சு வேணும்னு கேக்கும். போட்டா இன்னொரு நாலு நிமிசம். பெறவு? திரும்ப அணைச்சுப் போடணுமா? சரி, சார் சொல்லுததும் ஞாயம்தான். ஒருவேளை சேவ் ஆயிருக்கும். ஒருவேளை இந்தச் சுவிட்ச்சு தானாவே சேவ் பண்ணுத சாதியோ என்னமோ. புதுக் கம்பெனிதான. ஒரு வாரம்தான. கண்ண மூடு.

மூடுனா நாத்தம் வருது. வேற ஒரு மில்லு, அங்க குடோன்ல தீப்பிடிச்ச பெறவு உருகுன வயர எல்லாம் பிடுங்கி எடுக்க சார் என்னையத்தான் அனுப்புனாரு. யாரும் சாகல அங்க. பஞ்சு மட்டும்தான் போச்சு. தீய அணைச்சு முடிச்சுட்டோம்னு எல்லாரும் வீட்டுக்குப் போன பெறவும், பஞ்சுப் பொதி உள்ளுக்குள்ள கணகணன்னு எரிஞ்சிக்கிட்டே இருக்குமாம், வெளிய பாத்தா வெள்ளையா பொதி மாதிரியே இருக்கும். ஒரு பொதி மேல நான் அறியாம கைய வச்சேன், சூடு. அந்தச் சூட்ட நெனச்சா இப்பவும் உள்ளங்கை வேர்க்குது. அந்த நாத்தம் எத்தனை தடவை தலை முழுகியும் போகல, நாள் கணக்கா முடியில இருந்துது. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரருகிட்ட போன்ல சொன்னேன், பஞ்சு நாத்தம் போக மாட்டேங்குன்னு. "சீயக்கா போட்டுக் குளி"ன்னாரு, மஸ்கட்ல இருந்து. "சாப்பிட்டியா?"ன்னாரு. அப்ப எல்லாம் டெய்லி கேப்பாரு. சாப்பிட்டியா. சாப்பிட்டேன். நீங்க? ஆச்சு. வேற ஒண்ணும் பேசுறதுக்கு இருக்காது, வச்சிருவோம். ஒரு நாள் கேக்கல. வேலை போலன்னு இருந்தேன். மறு நாளும் கேக்கல, நானும் சொல்லல. சண்டை இல்ல, ஒரு வார்த்தை கோவம் இல்ல. கேக்கலைன்னு போன் போட்டுச் சண்டை போடலாம், என்னத்தச் சொல்லிப் போட, நீங்க ஏன் நான் சாப்பிட்டேனான்னு கேக்கலைன்னா? அசிங்கமா இருக்காதா. இப்ப மாசம் ஆயிட்டு. ராத்திரி வாட்சப்ப எடுத்துப் பாத்தா அவரு பேருக்குக் கீழ ஆன்லைன்னு இருக்கும். இருக்காரு, உசுரோட நல்லாத்தான் இருக்காரு. எனக்குத்தான் ஒண்ணும் வந்து சேரல. அழுகை வருது சனியன், பஸ்ல வச்சு. முருங்கைக்காய் அம்மா பாக்கா. தூசி விழுந்துட்டுன்னு கண்ணக் கசக்குதேன்.

ஒரு வாரத்துல ஒரு நாள் போதும். ஒரு மெஷின்ல ஒரு பொறி போதும். கேட்ல வாச்மேன் செவப்புப் பட்டன அமுக்குவாரு. அமுக்கிட்டு, அலறியிருக்கும்னு நெனச்சு ஷெட்டப் பாத்து ஓடுவாரு. ஹாஸ்டலப் பாத்து ஓட மாட்டாரு, ஏன் ஓடணும், அங்கதான் ஸ்பீக்கர் இருக்கே. இதத்தான் என்னால தாங்க முடியல. ஸ்பீக்கரே இல்லாம இருந்திருந்தா யாராவது ஓடியிருப்பாங்க. அந்த நின்னுக்கிட்டே தூங்குன பிள்ளை எந்தக் கட்டில்ல படுத்திருக்கோ. நீலத் துணி கட்டுன சன்னல் வழியா புகை வாரது யாருக்குத் தெரியும். போதும், போதும். இப்படி நெனச்சு நெனச்சே செத்துருவேன். இது சரியா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும். தெரியதுக்கு ஒரு வழி இருக்கு, டீ டெஸ்ட், அத யாராவது எனக்குப் பதிலா பண்ணணும். பிள்ளைக தூங்குதுங்க. தூங்கட்டும், அதனால என்ன, எந்திரிக்கட்டும், எந்திரிச்சு என்னைய வண்ட வண்டயா திட்டட்டும், எந்தச் சிறுக்கி இப்பப் போயி மைக்குல பேசுனான்னு கேக்கட்டும், மேனேஜர் போன் போட்டு நாறடிக்கட்டும், கொம்பையா சார் வேலைய விட்டே தூக்கட்டும். திட்டு வாங்குனா நான் பிழைச்சேன். ஒரே ஒரு பிள்ளை எந்திரிச்சு ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னா போதும் சாமி, நான் இந்தப் பொங்கல முழுசாத் தின்னுட்டுத் தூங்கிருவேன்.

ஸ்டெல்லாக்காவுக்குப் போடுதேன். வார்டனா இருந்தும் அந்தப் பிள்ளைகளுக்குத் தாயி மாதிரி, நாசரேத்துக்காரி, பேச்செல்லாம் மெதுவாத்தான். "என்ன இசக்கி, ஊரு சேந்துட்டியா? பொங்கல் சாப்ட்டியா?" "அக்கா, ஒரு உபகாரம். உங்க ரூம்ல இருக்க மைக்க எடுத்து ஹாஸ்டலுக்கு ஒரு தடவை பேசுங்க." "இப்பமா? ஐயையோ, இப்பதான கண்ணு அசந்திருக்காளுவ, எழும்பிருவாளுவளே." "எழும்பட்டும்க்கா. பழிய எம்மேல போட்டுருங்க. சத்தமாப் பேசணும், உங்க கொணம் தெரியும், சத்தமா." "என்ன பேச?" "என்னத்தையாவது. எந்திரிங்கன்னு சொல்லுங்க. பெறவு மாடிக்குப் போயிப் பாத்துட்டு எங்கிட்ட சொல்லுங்க. போன வைக்காதீங்க, கையிலயே வச்சிட்டுப் போங்க." "உனக்கு என்னமோ ஆயிட்டு பிள்ளா"ங்கா. ஆனா நாற்காலி இழுக்குற சத்தம் கேக்குது. மைக்குப் பட்டன் டிக்குங்குது. "பிள்ளைகளா, எழும்புங்க, எல்லாரும் எழும்பிக் கீழ வாங்க." சத்தமாத்தான் சொல்லுதா, பாவம், அவளுக்கு வராத சத்தம். என் காதுல போன் வழியா நேரா விழுது, அவ ரூம்ல இருந்து. மாடியில இருந்து எதிரொலி வருதான்னு கேக்கேன். பஸ் இரைச்சல். டிரைவர் ஆரன் அடிச்சுத் தொலைக்கான். போன காதோட இன்னும் அழுத்துதேன்.

அவ செருப்புச் சத்தம். படி. ஒவ்வொரு படியா ஏறுதா, முழங்கால் வலிக்காரி, மூச்சு வாங்குது. கதவு கிறீச்சிடுது. சீலிங் காத்தாடி ஓடுத சத்தம் வருது, நிறைய காத்தாடி. யாராவது பேசு. யாராவது ஏக்கா உனக்கு வேற வேலை இல்லையான்னு கேளு. கட்டில் கிறீச்சிடட்டும், ஒரு கொட்டாவி கேக்கட்டும். காத்தாடிதான் ஓடுது. "இசக்கி"ங்கா. ரகசியமாப் பேசுதா. எதுக்கு ரகசியமாப் பேசுதா, எதுக்கு? "ஒரு பிள்ளகூட அசையலம்மா. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதுவ. நல்லவேள, கர்த்தர் காப்பாத்துனாரு, யாரும் முழிக்கல. நீ கவலப்படாமப் போ." நான் எந்திரிச்சிட்டேன், டிபன் பாக்ஸ் கீழ விழுந்து பொங்கல் அந்த அம்மா காலெல்லாம் ஆயிட்டு, "அண்ணே நிறுத்துங்க, இறக்கி விடுங்க"ன்னு கத்துதேன், கண்டக்டர் இங்க ஸ்டாப் இல்லங்காரு, நிறுத்துய்யாங்கேன். "அக்கா, அங்கனயே உக்காருங்க. நான் வாரவரைக்கும் அந்த ஹால விட்டு வெளிய வராதீங்க. கண்ண மூடிராதீங்க அக்கா." "ஏம்மா, என்ன ஆச்சு?"ன்னு கேக்கா, இன்னமும் ரகசியமாத்தான், பிள்ளைக தூக்கம் கெட்டுரக் கூடாதுன்னு.